வாய்மேடு

முப்பிடாதிக்குப் பெண்குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அழுகைச் சத்தம் கேட்கவில்லை, ஊருக்கு மேற்கே கல் வெட்டி எடுத்த பள்ளமான கல்கிடங்கில்தான் கேட்டது. பிள்ளை என்னவோ கையையும் காலையும் உதைத்து, முகம் சிவந்து, வாயை அகலத் திறந்து முறைப்படிதான் அழுதது. நர்சம்மா தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டிப் பார்த்தார், உள்ளங்காலில் சுண்டிப் பார்த்தார், காற்றுகூட வரவில்லை. அதே நேரத்தில் கிடங்குப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள், எந்தப் பாவியோ பச்சைப்பிள்ளையைக் குப்பையில் போட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று ஊருக்குள் ஓடிவந்து சொல்ல, ஆலங்கிணறு ஊரே மண்வெட்டியும் கூடையுமாகத் திரண்டு போய், தோண்டத் தோண்ட அழுகை இன்னும் கீழே போக, வியர்க்க விறுவிறுக்கத் தோண்டியதில் பிள்ளை இல்லை, பிள்ளையைச் சுற்றிய துணி இல்லை, பிளாஸ்டிக் துண்டுகள்தான் இருந்தன. பிறகு அழுகை தானாக நின்றது. அப்போதுதான் முப்பிடாதி பிள்ளையை எடுத்து முதல் தடவையாகப் பால் கொடுத்தாள் என்பது ஊருக்குப் பிற்பாடு தெரிந்தது.

அந்தத் துண்டுகளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அரசாங்கம் பிளாஸ்டிக் பைகளைத் தடைசெய்வதற்கு வெகுகாலம் முன்பு, சுண்ணாம்புக்கல் தீர்ந்து குத்தகைக்காரர்கள் அப்படியே விட்டுவிட்டுப் போன கிடங்கின் கரையில், தங்கப்பழம் அண்ணாச்சி கேரி பேக் கம்பெனி போட்டார். பிளாஸ்டிக் குருணையை உருக்கி, ஊதி, குழாயாக மேலே இழுத்து, சுருட்டி, அளவுக்கு வெட்டி, அடியையும் தலையையும் ஒட்டினால் அது பை இல்லை, எல்லாப் பக்கமும் மூடிய ஓர் உறை. அதை அடுக்கி மிஷினில் வைத்து, தலைப்பக்கம் நடுவில் ஒரு துண்டை வெட்டி எடுத்தால்தான் பைக்கு வாய் திறக்கும். வாய்க்கு இரண்டு பக்கமும் மிஞ்சி நிற்பது கையில் பிடிக்கிற காது. வாயை வெட்டித்தான் காது எடுக்க வேண்டும், அந்தத் தொழிலுக்கு வேறு வழி கிடையாது. வெட்டி விழுந்த துண்டுக்கு எங்கள் ஊரில் வைத்த பெயரும் வாய்தான். “இன்னைக்கு எத்தனை மூட்டை வாய்?” என்பார்கள், “வாயை அள்ளிக் கிடங்குல கொட்டுங்கடி” என்பார்கள், யாரும் சிரிப்பதில்லை. மூட்டை மூட்டையாக வாய் விழுந்து கிடங்கு நிறைந்தது, நிறைந்ததற்கு மேலே மேடாகி, வாய்மேடு என்ற பெயரையும் வாங்கிக்கொண்டது. வெட்டு மிஷினில் காலை வைத்து அழுத்துகிற வேலைதான் முப்பிடாதிக்கு, பிள்ளை பிறப்பதற்கு முந்தின நாள் வரைக்கும்.

அதற்குப் பிறகு ஆலங்கிணற்றில் பிறந்த எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் ஆனது. கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் வீடு, பார்க்காதவர்கள் வீடு, மளிகைக்கடைக்காரர் வீடு, கோயில் பூசாரி வீடு என்று எந்தப் பாகுபாடும் இல்லாமல் பிள்ளைகள் வீட்டில் வாயைத் திறந்தன, மேட்டில் சத்தம் வந்தது. முப்பிடாதியும் அவள் புருஷன் பலவேசமும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போனார்கள். பெரிய டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “தொண்டை நல்லா இருக்கு, நாக்கு நல்லா இருக்கு, காது ரொம்ப நல்லா இருக்கு, குரல் மட்டும் இங்க இல்லம்மா” என்றார். “எங்க இருக்குன்னு எங்களுக்குத் தெரியும் டாக்டர்” என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினார்கள். வந்த கையோடு பேச்சியம்மன் கோயிலில் மணி கட்டுவதாக வேண்டிக்கொண்டு பிள்ளைக்குப் பேச்சி என்று பெயர் வைத்தார்கள், பேச்சைத் தவிர மற்ற எல்லாம் இருந்த பிள்ளைக்கு.

இந்த ஊர் எதற்கும் பழகிவிடும். தண்ணீர் வராத குழாய்க்கும் கரண்டு இல்லாத கம்பத்துக்கும் பழகிய ஊருக்கு இது ஒரு பெரிய விஷயமா? முதலில் பயந்தார்கள், பூசாரி வேப்பிலை அடித்தார், அண்ணாச்சி மேட்டுக்கு ஒரு ஆட்டைக் காவு கொடுத்தார், பிறகு அதற்கென்று ஒரு ஒழுங்கு தானாக உண்டானது. எந்நேரமும் மேட்டோரம் ஒருத்தி இருந்து கேட்பது என்றும், எந்தப் பிள்ளை அழுகிறது என்று குரலை வைத்துக் கண்டுபிடித்து, “ஏ கோமு, ஒம் மகனுக்குப் பசி!” என்றோ, “முப்பிடாதி மதினி, ஒங்க புள்ள நனைச்சிருக்கு போல!” என்றோ ஊருக்குக் கேட்கிற மாதிரி கூவுவது என்றும் வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் வளர வளர மேட்டின் குரல்களும் வளர்ந்தன. அழுகை மழலையானது, மழலை சொல்லானது. நடக்கத் தெரிந்த பிள்ளைகள் பேச வேண்டும் என்று தோன்றினால் மேட்டுக்குப் போய்விடும், கரையில் உட்கார்ந்து உதட்டை அசைக்கும், கீழேயிருந்து அதனதன் குரல் வரும், ஒன்றுக்கொன்று சண்டைகூடப் போடும். பள்ளிக்கூடத்து வாத்தியார் வகுப்பையே மேட்டங்கரைக்கு மாற்றினார். பிள்ளைகள் வரிசையாக நின்று உதட்டை அசைக்க, வாய்மேடு ராகம் போட்டு வாய்ப்பாடு சொன்னது. பிரம்பை எங்கே வீசுவது என்று தெரியாமல் வாத்தியார் மேட்டை இரண்டு அடி அடித்துவிட்டு வந்ததாக ஒரு கதை உண்டு. பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களுக்கு வாயில்லா ஊர் என்று பட்டம் கட்டினார்கள். அதே ஆட்கள், எதிர்த்துப் பேசாத மருமகள் கிடைப்பாளே என்று, பால்மணம் மாறாத எங்கள் பெண்பிள்ளைகளை இப்போதே பேசி வைக்கவும் வந்தார்கள். செருப்பைக் காட்டித்தான் அனுப்பினோம்.

ஆடி மாதம் மட்டும் கஷ்டம். காற்று மேட்டிலிருந்து வாய்களைக் கிளப்பிக்கொண்டு போய்க் காட்டில், கருவேல முள்ளில், அடுத்த ஊர் வேலியில் மாட்டிவிடும். ஒரு துண்டு பறந்தால் ஒரு சொல் போச்சு. நேற்று வரைக்கும் தண்ணி கேட்ட பிள்ளை இன்று அந்தச் சொல் இல்லாமல் செம்பைக் காட்டிக் காட்டி அழும். எங்கேயோ ஒரு முள்மரம் ஆளில்லாத காட்டில் தண்ணி தண்ணி என்று கேட்டுக்கொண்டு நிற்கும். தகப்பன்மார் கையில் தொரட்டியோடு முள்காட்டில் காதைத் தீட்டிக்கொண்டு அலைந்து, துண்டைக் கிழியாமல் எடுத்து வந்து மேட்டில் போடுவார்கள். பலவேசம் முழங்கை எல்லாம் முள் கீறலோடு திரிந்த காலம் அது. லேத் பட்டறையில் வேலை பார்த்தவன், கம்பெனிக்கு வெட்டு அச்சு செய்து கொடுத்தவனும் அவன்தான்.

பேச்சி மேட்டங்கரையில் என்னென்னவோ பேசினாள். பூனையைத் திட்டினாள், பலவேசத்தை “எப்பா, எப்பா” என்று அழைத்து வேலை வாங்கினாள், பாட்டு மாதிரி ஒன்றை இழுத்தாள். முப்பிடாதி ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தில் உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டாள். ஒரு சொல்லைத்தான் கேட்டதில்லை. அவள் பக்கத்தில் இருக்கும்போது பேச்சிக்கு அவளைக் கூப்பிட வேண்டிய தேவை இல்லை. அவள் இல்லாதபோது கூப்பிட்டால், அந்த நேரத்தில் அவள் கம்பெனிக்குள் மிஷின் இரைச்சலில் வாய் வெட்டிக்கொண்டிருப்பாள். “ஏளா, ஒம் மக ஒன்னிய எம்மான்னு கூப்பிடுதா, ஓடு” என்று யாராவது ஜன்னலில் வந்து சொல்ல, மிஷினை நிறுத்திவிட்டு ஓடுவாள். போவதற்குள் பிள்ளை அவள் வருவதைப் பார்த்துச் சிரித்து உதட்டை மூடியிருக்கும். ஊரில் எல்லாரும் கேட்டார்கள், ஆடு மேய்க்கிறவன் கேட்டான், தபால்காரர் கேட்டார், பெற்றவள் கேட்கவில்லை. எந்தத் தாய்க்கு இது தாங்கும்?

“நான் ஒவ்வொரு தடவையும் காலை அழுத்தும்போது யாரோ ஒரு புள்ளைக்கு வாயைத்தான் வெட்டுதேன்” என்று ஒருநாள் சோறு போடும்போது பலவேசத்திடம் சொன்னாள். “அடுத்து எவ வயித்துல இருக்கோ அது வாயை.”

பலவேசம் கையைக் கழுவிவிட்டு எழுந்தான். பல நாள் பட்டறையில் தகரத்தை வளைத்தும் நெளித்தும் பார்த்து, கடைசியில் ஒரு புது அச்சைச் செய்தான். அது துண்டை முழுதாக வெட்டாது. வளைவாகக் கீறிவிட்டு மேல்நுனியில் ஒரு இழை விட்டுவைக்கும். துண்டு பையோடு சேர்ந்தே தொங்கும். துண்டில் ஒரு துளை. அந்தத் துளையில் ஆணியைக் கோத்து ஒரு கட்டுப் பையையும் கடைக்காரர் கடையில் மாட்டிக்கொள்ளலாம், ஒவ்வொன்றாக இழுத்தால் பை கையோடு வரும், துண்டு ஆணியோடு நின்றுகொள்ளும். கம்பெனியில் ஒரு வாய்கூடக் கீழே விழாது. அண்ணாச்சி பையை மேலும் கீழும் திருப்பிப் பார்த்து, தொங்குகிற துண்டைச் சுண்டிவிட்டு, “என்னடே இது, நாக்கு மாதிரி இருக்கு” என்றார். அதுவே பெயராகிப்போனது. நாக்குப் பை. கழிவு ஒழிந்ததா, கம்பெனியை விட்டுக் கடை ஆணிக்கு இடம் மாறியதா என்று யாரும் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. ஏனென்றால் நாக்குப் பை போட ஆரம்பித்த பிறகு பிறந்த முதல் பிள்ளை ஆஸ்பத்திரியிலேயே, நர்சம்மா காதுக்குள்ளேயே வீலென்று கத்தியது. ஊர் வெடி போட்டது. பலவேசத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றினார்கள். முப்பிடாதி வாசலில் நின்று, பேச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே அழுதாள்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் குரலோடு பிறந்த பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இப்போது மேட்டுச் சத்தம் தொந்தரவாக இருந்தது. தூங்குகிற பிள்ளை எழுந்துவிடுகிறது என்றார்கள். குப்பைமேடு ஊருக்கு அசிங்கம் என்று ஆபீசர்கள் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்துவிட்டுப் போனார்கள். குருணை விலை ஏறிக்கொண்டே போக, அண்ணாச்சி தினமும் காலையில் பல்குச்சியோடு மேட்டங்கரையில் நின்று யோசித்தார். ஒருநாள் அரவை மிஷினோடு லாரி வந்து நின்றது. மேட்டை அள்ளி, அரைத்து, உருக்கி, மறுபடியும் குருணையாக்கி, நாக்குப் பையாக ஊதப்போவதாகச் சொன்னார்.

முப்பிடாதிதான் முதலில் போய்க் கேட்டாள். “அண்ணாச்சி, இத உருக்கினா எங்க புள்ளைக குரல் என்ன ஆகும்?”

“எதுவும் வீணாப் போகாதும்மா” என்றார் அண்ணாச்சி. “இதுல அதுதான் விசேஷமே. அம்புட்டும் திரும்ப வரும்.”

அவர் பொய் சொல்லவில்லை. பிளாஸ்டிக்கைத்தான் சொன்னார். ஆனால் திரும்ப வரும் என்ற சொல்லை எங்கள் ஊரில் துபாய்க்குப் போன மகனுக்கும், காய்ச்சலில் போன பசிக்கும், கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன பெண்டாட்டிக்கும்தான் சொல்வோம். போனது புறப்பட்ட இடத்துக்கே வரும் என்றுதான் எங்களுக்குப் பொருள். பலவேசம்கூட, “மேடு இருக்கப் போயித்தான குரல் அங்க கெடக்கு, மேடு இல்லன்னா அது எங்க போகும், புள்ளைககிட்டதான வரணும்” என்றான். அச்சுச் செய்து ஊரைக் காப்பாற்றியவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினோம். மேட்டை அள்ளத் தொடங்கிய அன்று பேச்சியம்மனுக்குப் பொங்கல் வைத்து, பிள்ளைகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, புதுத்துணி போட்டு, கம்பெனி வாசலில் வரிசையாக உட்காரவைத்துக் காத்திருந்தோம். மிஷின் ஓடியது. பேச்சி அந்தச் சத்தத்துக்குப் பயந்து வாயைத் திறந்தாள். எப்போதும் மேட்டிலிருந்து வருகிற அவள் குரல் பாதி வந்தது, மீதியை மிஷின் இழுத்துக்கொண்டது. அதன் பிறகு எந்தப் பிள்ளை வாயைத் திறந்தபோதும் எங்கேயும் சத்தம் வரவில்லை. சாயங்காலம் பொங்கல் ஆறிப்போய்க் கிடந்தது, காக்கைகூடத் தொடவில்லை.

குரல் எங்கே போனது என்பது கோமுவுக்குத்தான் முதலில் தெரிந்தது. சாத்தூரில் கத்தரிக்காய் வாங்கப் போனவளுக்கு, கடைக்காரர் ஆணியிலிருந்து ஒரு பையை இழுத்து, விரலை எச்சில் தொட்டுத் தேய்த்து வாயைப் பிரித்ததும், பைக்குள்ளிருந்து “பசிக்கு” என்று அவள் மகன் குரல் கேட்டது. பையை வாங்கி மறுபடி மறுபடி பிரித்துப் பார்த்தாள், பிறகு வந்தது வெறும் பிளாஸ்டிக் சலசலப்பு. வீட்டுக்கு வந்து மாமியாரிடம் கேட்டால், ஆமாம், அந்த நேரத்தில்தான் பிள்ளை வயிற்றைத் தட்டித் தட்டி உதட்டை அசைத்தது என்றாள். அப்புறம் எல்லாம் விளங்கியது. பிள்ளை இங்கே வாயசைக்கும். அந்த நேரத்தில் எந்த ஊரில் எந்தக் கடையில் அந்தக் குரல் கலந்த பையைப் பிரிக்கிறார்களோ அங்கே சொல் விழும். ஒரு பைக்கு ஒரு சொல். யாரும் பிரிக்காத நேரத்தில் பேசினால் அது எங்கேயும் விழாது. “நாக்கை வச்சவன் நான்தான்” என்று பலவேசம் தலையில் அடித்துக்கொண்டான். “மேட்டுல கெடந்த வரைக்கும் வாயி இங்கயே இருந்துச்சு. நான் நாக்கு வச்சு ஊரு ஊரா அனுப்பிட்டேனே.”

வெளியூர்க்காரர்கள் ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புது ரகப் பை, பிரித்தால் ஒரு மாதிரி சத்தம் வருகிறது என்றார்கள், ஒன்றிரண்டு நாளில் அதுவும் பழகிவிட்டது. எங்கள் ஊர்ப் பெண்கள்தான் ஓய்வு கிடைத்த நாளெல்லாம் பஸ் ஏறி, சாத்தூர், கோவில்பட்டி, சிவகாசி என்று கடை கடையாக நின்று, ஒரு எலுமிச்சம்பழம், ஒரு கட்டு கறிவேப்பிலை என்று எதையாவது வாங்கி, கடைக்காரர் பையைப் பிரிக்கிற அந்த ஒரு நொடிக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். யார் பிள்ளையின் சொல் யாருக்குக் கிடைத்தாலும், திரும்பி வந்து அந்தத் தாயிடம் சொல்லிவிட வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். “ஒம் மவன் சிவகாசியில சிரிச்சான்ளா” என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி அதைக் கேட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு போவாள். முப்பிடாதிக்கு யாரும் எதுவும் கொண்டுவரவில்லை. பேச்சியின் குரல் எந்தக் கடையிலும் அகப்படவில்லை.

இங்கே கிடங்கு காலியாகிவிட்டது. அடிப்பாறை தெரிகிற வரைக்கும் சுரண்டி எடுத்து, ஆபீசர்கள் வந்து மாலை போட்டு, குப்பையில்லா ஊர் என்று போர்டும் நட்டார்கள். சுற்றிச் சுவர் எழுப்புகிறேன் என்று அண்ணாச்சி வாக்குக் கொடுத்தார். சுவருக்கு முன்னால் ஐப்பசி மழை வந்துவிட்டது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கிடங்கில் தண்ணீர் நின்றது, சுண்ணாம்பு கரைந்து பால் நிறத்தில், பார்க்க அழகாகக்கூட இருந்தது. பிள்ளைகளை அந்தப் பக்கம் போகாதே என்று அதட்டினோம். ஆனால் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பேசுவதற்கு அங்கே போன கால்கள், பேச வேண்டும் போல இருந்தால் இப்போதும் அங்கேதான் போயின. மேடு இல்லாத கரையில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, கீழேயிருந்து ஏதாவது வராதா என்று தண்ணீரைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருப்பதை எல்லாரும் பார்த்தோம். பார்த்துவிட்டு வேலைக்குப் போனோம்.

மழை வெறித்த ஒரு மத்தியானம் முப்பிடாதி கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில், ஒரு பழக்கடை முன்னால் நின்றாள். பேச்சியைப் பலவேசத்திடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். அவன் பட்டறையில் வேலையாக இருந்தான், பிள்ளை வாசலில் விளையாடிக்கொண்டிருந்தது.

“ஒரு எலுமிச்சம்பழம் குடுங்கண்ணே.”

“ஒரு பழத்துக்குப் பையாம்மா?” என்ற கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “ஆலங்கிணறா? சரி சரி.” ஆணியிலிருந்து ஒரு பையை இழுத்தார், நாக்கு ஆணியில் நின்றது, கட்டைவிரலை எச்சில் தொட்டுத் தேய்த்தார், வாய் பிரிந்தது.

“எம்மா” என்றது பை.

பூனையைத் திட்டிய அதே குரல், இழுத்து இழுத்துப் பாடிய அதே குரல். “அண்ணே, எம் மக!” என்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். “என்னைத்தான் கூப்பிடுதா அண்ணே. இம்புட்டு நாளும் நான் கேட்டதேயில்ல.”

கடைக்காரரும் சிரித்தார். நல்ல மனுஷன், பழத்தைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு பையை இழுத்துப் பிரித்தார்.

“எம்மா.”

“வாரேன்டி, இந்தா அடுத்த பஸ்ஸு” என்று முப்பிடாதி பைக்குள் குனிந்து பதில் சொன்னாள். “ஒனக்குக் கருப்பட்டி மிட்டாய் வாங்கிட்டு வாரேன்.” கேட்டால் போதாதே, இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை என்று கையைக் காட்டினாள். அவர் இழுத்துப் பிரித்தார்.

“எம்மா எம்மா எம்மா” என்றது, ஒரு பைக்கு ஒரு சொல் என்ற கணக்கை மீறிக்கொண்டு.

முப்பிடாதியின் சிரிப்பு நின்றது. விளையாட்டுக்குக் கூப்பிடுகிற குரல் எது, பசிக்குக் கூப்பிடுகிற குரல் எது என்று மேட்டங்கரையில் உட்கார்ந்து பழகிய காது அது. “அண்ணே, அடுத்தத எடுங்க” என்றாள். அவர் எடுத்தார். “எம்” என்றது, அதோடு வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு கொழகொழப்பு. “எடுங்கண்ணே, சீக்கிரம் எடுங்க!” அவர் இழுத்துப் பிரித்தார். சலசலப்பு. இன்னொன்று. சலசலப்பு. இழுத்து இழுத்துப் பிரித்துக் கீழே போட்டார், அவளும் எட்டி இழுத்துப் பிரித்தாள், காலைச் சுற்றிப் பைகள் குவிந்தன, பஸ் கிளம்பிய காற்றில் எழும்பி உருண்டன, ஆணியில் நாக்கு நாக்காகச் சேர்ந்துகொண்டு போனது, ஒரு பையும் எதுவும் சொல்லவில்லை. கடைசியாக ஒரே ஒரு பை மிஞ்சியது. கடைக்காரர் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“அதத் திறக்காதீக” என்றாள்.

அவள் ஊர் வந்து சேர்வதற்குள் பிள்ளையைக் கிடங்குத் தண்ணீரிலிருந்து தூக்கி வெளியே போட்டிருந்தார்கள். பேச்சியின் உடம்பெல்லாம் சுண்ணாம்பு பூத்திருந்தது. பலவேசம் பக்கத்தில் நனைந்த துணியோடு உட்கார்ந்து, அவள் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தான், துடைத்த இடத்தையே துடைத்தான். கிடங்கைச் சுற்றி அந்த மத்தியானம் எத்தனை பேர் இருந்தார்கள்! துணி துவைத்தவர்கள், ஆடு மேய்த்தவர்கள், கம்பெனி ஜன்னலோரம் வேலை பார்த்தவர்கள். “ஒரு சத்தம் கேட்டிருந்தா ஓடியிருப்போமே தாயி” என்று ஒவ்வொருத்தராக வந்து அவளிடம் சொன்னோம். உண்மையைத்தான் சொன்னோம். அதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமாகக்கூட இல்லை.

ஊர் கூடிப் பேசியது. கிடங்கை உடனே மூடிவிட வேண்டும், இன்னொரு பிள்ளை விழக்கூடாது என்பதில் எல்லாருக்கும் ஒரே பேச்சு. எதைப் போட்டு மூடுவது என்பதில்தான் முழித்தோம். அவ்வளவு பெரிய குழிக்கு மண் யாரிடம் இருக்கிறது? கம்பெனியில் கேட்டால் போடக் கழிவு இல்லை என்றார் அண்ணாச்சி, கொஞ்சம் சங்கடத்தோடு. பிறகு அவரே யோசனை சொன்னார். சாத்தூர், கோவில்பட்டி, சிவகாசிக் கடைகளின் ஆணியிலெல்லாம் நாக்குச் சேர்ந்துபோய்க் கடைக்காரர்கள் தூக்கி எறிய இடம் தேடுகிறார்களாம். லாரி போயிற்று. மூட்டை மூட்டையாக வந்தது. கிடங்கில் கொட்டக் கொட்டத் தண்ணீர் விலகி ஏறி, பிறகு மறைந்து, மறுபடியும் ஒரு மேடு எழும்பி வருகிறது. பிள்ளைகள் கரையில் உட்கார்ந்து உதட்டை அசைத்துப் பார்க்கின்றன. நாக்குகள் எதுவும் பேசுவதில்லை. ஊருக்கு இதுவும் பழகிவிட்டது.

முப்பிடாதி மிஷின் வேலைக்குத் திரும்பப் போகவில்லை. அவள் வீட்டு அடுப்படிச் சுவரில் ஒரு ஆணி, அந்த ஆணியில் கோவில்பட்டியிலிருந்து கொண்டுவந்த அந்தக் கடைசிப் பை, நாக்கோடு, பிரிக்காத வாயோடு தொங்குகிறது. விவரம் தெரியாமல் யாராவது அதை எடுக்கக் கை நீட்டினால், “புள்ள உள்ள இருக்கா” என்று மட்டும் சொல்வாள். ஆடிக்காற்று கூரை இடுக்கு வழியாக வரும்போது அது படபடத்து, உப்பி, வாய் பிரிந்துவிடுமோ என்கிற மாதிரி ஆகும். அடுப்பில் என்ன கொதித்தாலும் அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய், இரண்டு காதையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். காற்று நிற்கிற வரைக்கும் விடமாட்டாள்.